கார்கோவும் வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் வேளச்சேரியில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் புஜ்ஜி என்று எட்டு வயது பக் நாய் இருக்கிறது. டெல்லியில் இருக்கும் மகளுக்கு ஜூன் முதல் வாரம் பிரசவ தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் கணவரும் மே நடுவில் கிளம்பி மூன்று நான்கு மாதம் அங்கே இருக்கப் போகிறோம். புஜ்ஜியை விட்டுவிட்டுப் போக மனமில்லை. விமான நிறுவனத்தில் விசாரித்தேன். பையோடு சேர்த்து 10 கிலோவுக்குள் இருந்தால் கேபினில் எங்களோடு வரலாமாம். புஜ்ஜி மட்டுமே 9.2 கிலோ, வாங்கி வைத்திருக்கும் பை 1.3 கிலோ. “அரை கிலோவுக்கு ஏன் கவலைப்படுகிறீர்கள், கார்கோவில் போட்டுவிடலாம், அங்கேயும் ஏசி உண்டு” என்கிறார் டிக்கெட் ஏஜென்ட். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போதெல்லாம் தன் நாய்க்கு அவில் மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுவாராம், எனக்கும் அதையே சொல்கிறார். போன டிசம்பரில் காரில் கொடைக்கானல் போனோம். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தது, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நன்றாகவே இருந்தது. தூங்கும்போது தாத்தா மாதிரி குறட்டை விடும். மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, நல்ல வேளை மார்ச்சிலேயே எழுதினீர்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் நாயைத் தூக்கிக்கொண்டு சர்டிஃபிகேட்டுக்கு வந்து நிற்பவர்கள்தான் எங்களிடம் அதிகம். அப்போது கையெழுத்துப் போடுவதைத் தவிர எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. உங்களுக்கு எட்டு வாரம் இருக்கிறது, அது போதும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது எடை இல்லை, குறட்டை. ‘தாத்தா மாதிரி’ என்று செல்லமாக எழுதியிருக்கிறீர்கள். 2003-இல் பக் நாய் வரும் ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்த பிறகு நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு பக் வந்தது. அந்தச் சப்பை முகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்கினார்கள். முகத்தைச் சப்பையாக்கும்போது எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் கீறல் மாதிரி இருக்கும், மேலண்ணத்தின் மென்மையான பகுதி நீண்டு தொண்டைக்குள் தொங்கும், நாக்கு தடித்திருக்கும். இத்தனையையும் தாண்டித்தான் ஒவ்வொரு மூச்சும் உள்ளே போக வேண்டும். குறட்டை என்பது அந்த நெருக்கடியின் சத்தம். புஜ்ஜி பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் உங்களுக்கு அது நோயாகத் தெரியவில்லை.

நமக்கு வியர்க்கிறது, உடம்பு குளிர்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். உடம்புச் சூட்டை அது வெளியேற்றுவது பெரும்பாலும் இளைப்பதன் மூலம்தான். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, ஈரமான பரப்பின் மேல் காற்றை வேகமாக ஓட்டியாக வேண்டும். மூச்சு போகும் வழியே குறுகலாக இருக்கிற நாய் வேகமாக இளைக்க இளைக்க, அந்த உழைப்பே கூடுதல் சூட்டை உண்டாக்கும். தொண்டைச் சதையும் வீங்கும், வீங்கினால் வழி இன்னும் குறுகும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் கால் மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை கைமீறிப் போய்விடக்கூடும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் நாங்கள் பதறுவோம், 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாக ஆரம்பிக்கும்.

சரி, கார்கோவுக்கு வருகிறேன். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. உயிருள்ள பிராணிகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தமும் வெப்பமும் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். ஆனால் அது விமானம் பறக்கும்போது. கூண்டை உங்களிடமிருந்து வாங்கிய நேரத்திலிருந்து விமானத்துக்குள் ஏற்றும் நேரம் வரை அது எங்கே இருக்கும்? கொஞ்ச நேரம் ஒரு கொட்டகையில், கொஞ்ச நேரம் டிராலியில், கொஞ்ச நேரம் தார்த்தளத்தில். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்த ஒரு மணி நேரமும் சேரும். டெல்லியில் இறங்கியதும் மறுபடி இதே கதை, அங்கே மே மாத நடுவில் வெயில் எப்படி இருக்கும் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நேரம் முழுவதும் புஜ்ஜி இளைக்கிறதா, நாக்கு நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லை. என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2005 மே மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு விமானப் பயணத்தில் இறந்த நாய்களின் கணக்கை 2010-இல் வெளியிட்டது. மொத்தம் 122 நாய்கள், அவற்றில் பாதிக்குப் பாதி சப்பை மூக்கு இனங்கள். இங்கிலீஷ் புல்டாக் 25, அதற்கு அடுத்த இடத்தில் பக், 11. பறந்த நாய்களில் பாதி சப்பை மூக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இறந்ததில் பாதி அவை. இன்று உலகின் பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களைக் கார்கோவில் ஏற்றவே மறுக்கின்றன. ஆகவே புஜ்ஜிக்குக் கார்கோ வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

அவில் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். குழந்தைகளுக்குப் பஸ்ஸில் போகும்போது ஏதாவது ஒரு சிரப்பைக் கொடுத்துத் தூங்க வைக்கும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது, அதை நாய்க்கும் நீட்டிவிட்டார். அவருடைய நாய் என்ன இனம் என்று நீங்கள் எழுதவில்லை. நீள மூக்குள்ள நாட்டு நாயாக இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். விழித்திருக்கும்போது புஜ்ஜி தன் தொண்டைச் சதைகளை இறுக்கிப் பிடித்து வழியைத் திறந்து வைத்திருக்கிறது, அது தெரிந்து செய்யும் வேலை இல்லை, ஆனாலும் வேலைதான். மயக்கம் தரும் மருந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். கூடவே சில மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் திறனையும் குறைக்கும். அசிப்ரோமசின் என்று ஒரு மருந்து உண்டு, பயணத்துக்கு என்று பழைய காலத்தில் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் உட்பட இன்று எல்லோரும் விமானப் பயணத்துக்கு மயக்க மருந்து கூடாது என்றே சொல்கிறார்கள். மயங்கிய நாய் பைக்குள் கழுத்து மடிந்து கிடந்தால் அதை நிமிர்த்திக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. வாந்தி வந்தால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஷிட்சு நாயை விமான நிலையத்திலிருந்து நேராக என் கிளினிக்குக் கொண்டு வந்தார்கள். கிளம்பும் முன் வீட்டில் இருந்த மாத்திரை ஒன்றை ‘பாதிதான்’ கொடுத்திருந்தார்கள். டாக்ஸியில் தூங்கிவிட்டது, சமர்த்தாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பரிசோதனை வரிசையில் பையைத் திறந்தபோது நாக்கு நீலம். ஆக்சிஜன் வைத்து, இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்க வைத்தோம். விமானம் ஏறியிருந்தால் பிழைத்திருக்காது. அன்றிலிருந்து பயணச் சான்றிதழுக்கு யார் வந்தாலும், “மாத்திரை ஏதாவது கொடுக்கப் போகிறீர்களா?” என்பதுதான் என் முதல் கேள்வி.

வாந்திக்கு மட்டும் தனி மருந்து இருக்கிறது, மரோபிடன்ட். தூங்க வைக்காது, குமட்டலை மட்டும் அடக்கும். கொடைக்கானல் பாதையில் வாந்தி எடுத்த நாய் என்பதால் புஜ்ஜிக்கு இது உதவும். எடையைப் பார்த்து உங்கள் மருத்துவர் அளவு சொல்வார். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். விமானத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை காரில் போய் ஒத்திகை பார்த்துவிடுங்கள். எந்த மருந்தையும் விமான நிலையத்தில் வைத்து முதல் முறையாகக் கொடுக்கக் கூடாது.

கொடைக்கானல் போனதை எழுதினீர்களே, அது எனக்கு மிகவும் உபயோகமான தகவல். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும், உள்ளே கேபினில் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படும். கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி. அங்கே புஜ்ஜி நன்றாக இருந்தது என்றால், டெல்லி போகும் மூன்று மணி நேரம் அந்த மெல்லிய காற்று பெரிய பிரச்சினையாக இருக்காது என்று நம்ப இடம் இருக்கிறது. ஆனால் அது டிசம்பர் குளிர். மே மாதம் நமக்குப் பிரச்சினை வானத்தில் இல்லை, தரையில்தான்.

இனி எடை. பக் நாயின் இனத் தரப்படி எடை 6.3 முதல் 8.1 கிலோ வரை. புஜ்ஜி 9.2. தொண்டையைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் மூச்சு வழியைத்தான் நெருக்கும். ஆகவே எடையைக் குறைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கேபின் வரம்புக்குள் வந்துவிடும், மூச்சும் லேசாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைவதுதான் பாதுகாப்பான வேகம், அதாவது 90 முதல் 180 கிராம். வாரம் 130 கிராம் குறைந்தால் எட்டு வாரத்தில் ஒரு கிலோ போய்விடும். புஜ்ஜி 8.2, பை 1.3, மொத்தம் 9.5. விமான நிலையத் தராசு கொஞ்சம் முன்னே பின்னே காட்டினாலும் தாங்கும்.

என்ன சாப்பிடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். காலையில் உங்கள் காபியோடு மாரி பிஸ்கட், மத்தியானம் தயிர் சாதம், சாயங்காலம் கணவரின் டீயோடு மறுபடி பிஸ்கட் அல்லது ரஸ்க். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நாலு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 100 கலோரி. 8 கிலோ நாய் சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளைக்குத் தேவையானதே 330 கலோரி அளவுதான். நாலு பிஸ்கட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, உங்களுக்கு அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. பிஸ்கட்டை வீட்டில் வாங்குவதையே நிறுத்துங்கள். ‘அதற்கு மட்டும் கொடுக்க மாட்டோம்’ என்றெல்லாம் முடியாது, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாராலும் முடியாது. சாப்பாட்டைக் கண்ணளவில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். அளவை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கேட்கும்போதெல்லாம் கொடுக்க வெள்ளரித் துண்டு, வேக வைத்த பீன்ஸ், கேரட். வெங்காயம், திராட்சை கூடவே கூடாது. சனிக்கிழமைதோறும் கிளினிக் தராசில் எடை போட்டு காலண்டரில் குறித்து வையுங்கள். குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்க்கும் முறையில் நூறு கிராம் வித்தியாசம் தெரியாது.

நடையால் எடை பெரிதாகக் குறையாது. இந்த வெயிலில் காலை ஆறு மணிக்குள் இருபது நிமிடம் போதும். அந்த நடையில் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று நிமிடம் கொஞ்சம் வேகமாக, புஜ்ஜி குதிநடை போடும் அளவுக்கு, நடத்துங்கள். நின்றதும் காதை அதன் கழுத்தருகே வைத்துக் கேளுங்கள். கரகரவென்று இழுக்கும் சத்தம் உடனே அடங்கினால் சரி. ஐந்து நிமிடம் ஆகியும் அடங்காவிட்டாலோ, நுரையாக வாந்தி எடுத்தாலோ, பயணத்துக்கு முன் ஒரு அறுவை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம். மூக்குத் துவாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தும் சிகிச்சையால் வாழ்நாள் முழுக்க நிம்மதியாக மூச்சுவிடும் பக் நாய்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும், எட்டு வயது சிறு நாய்க்கு இது தேவையான எச்சரிக்கைதான்.

பையை இன்றைக்கே எடுத்து ஹாலில் திறந்து வையுங்கள். பரணில் இருக்கும் பையைக் கிளம்பும் அன்று இறக்கினால் புஜ்ஜிக்கு அது பொறி. முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டை அதற்குள் வையுங்கள். அப்புறம் அதிலேயே தூங்கட்டும். பிறகு ஜிப்பை மூடி ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கடைசியில் இரண்டு மணி நேரம். மூடிய பையை மிக்ஸி ஓடும்போது சமையலறை வாசலில் வையுங்கள், ஆட்டோவில் எடுத்துப் போங்கள், தோளில் மாட்டி மாடிப்படி ஏறி இறங்குங்கள். நாய்களுக்கு இருட்டைவிட, கால் தரையில் படாமல் ஆடுவதுதான் அதிகப் பயம் தருகிறது. பை வாங்கியாயிற்று என்கிறீர்கள். அதில் புஜ்ஜி எழுந்து நின்று திரும்ப முடிகிறதா, குறைந்தது மூன்று பக்கம் வலை இருக்கிறதா, மேல்பக்கம் தொய்ந்து முதுகில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மாற்றுங்கள், ஆனால் எடை குறைந்த பையாக. சீட்டுக்கு அடியில் எவ்வளவு உயரம், அகலம் அனுமதி என்று நிறுவனத்திடம் கேட்டு அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஒரு காலத்தில் ஏர் இந்தியாவில் கேபினுக்கு 5 கிலோதான், ஆகாசா 2022 நவம்பரில் பிராணிகளை ஏற்கத் தொடங்கியபோது 7 கிலோ. இண்டிகோவில் சேவை நாய்களைத் தவிர மற்றவற்றை ஏற்றுவதில்லை. உங்களிடம் 10 கிலோ என்று சொன்னதை ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒரு விமானத்தில் இத்தனை பிராணிதான் என்று கணக்கு உண்டு என்பதால் உங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே புஜ்ஜிக்கும் இடம் பதியுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, நிறுவனம் கேட்கும் நாட்களுக்குள் வாங்கிய உடல் தகுதிச் சான்று, இரண்டுக்கும் இரண்டு நகல்.

மே நடுவில் கிளம்பாதீர்கள், முதல் வாரத்திலேயே கிளம்புங்கள். அதிகாலை முதல் விமானம், நேராக டெல்லிக்கு, நடுவில் இறங்கி மாறும் டிக்கெட் வேண்டாம். முந்தின இரவு ஏழு மணிக்கு லேசான சாப்பாடு, காலையில் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. வளர்ந்த நாய்க்கு இது பட்டினி இல்லை. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு மூன்று மாதச் சிவாவா, யார்க்‌ஷயர் குட்டிகளை இப்படி வெறும் வயிற்றில் வைத்திருக்காதீர்கள். அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், தள்ளாடி விழும். கொஞ்சம் தேனோ குளுக்கோஸோ கையில் இருக்கட்டும், ஈறில் தடவ.)

விமான நிலையத்தில் நாய் தொலைவதும் அடிபடுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், பாதுகாப்புச் சோதனையில். பை எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போக வேண்டும், நாயை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நடந்து வர வேண்டும். நாயைப் பைக்குள்ளேயே எந்திரத்தில் விட்டவர்களும் உண்டு. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் மேடிசன் விமான நிலையத்தில் ஒருவருடைய முதுகுப் பைக்குள் நாய் இருப்பது திரையில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அது நடக்காது, ஆனால் சத்தத்தில் மிரண்டு கையிலிருந்து நழுவுவது நடக்கும். அதனால் பையைத் திறப்பதற்கு முன்பே ஹார்னஸும் லீஷும் மாட்டியிருக்க வேண்டும், லீஷின் வளையம் உங்கள் மணிக்கட்டில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை போதாது. சப்பை முகத்துக்கு அது தலை வழியாகக் கழன்று வந்துவிடும், இழுத்தால் மூச்சையும் நெரிக்கும். நாம் பொமரேனியன் என்று சொல்கிற ஸ்பிட்ஸ் நாய்களில் சிலவற்றுக்கு மூச்சுக் குழாய் தளர்ந்து வாத்து கத்துவது போல இருமல் வரும், அவற்றுக்கும் ஹார்னஸ்தான். தனி அறையில் சோதிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெண் காவலர்கள் பல நேரம் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார்கள், ஒருவர் புஜ்ஜியைக் கொஞ்சவும் செய்யலாம்.

விமானத்தில் ஏறக் கடைசியில் போங்கள். வரிசையில் முதலில் நின்று ஏசி ஓடாத விமானத்துக்குள் இருபது நிமிடம் உட்காருவதில் லாபம் இல்லை. பஸ்ஸில் கொண்டு போவதாக இருந்தால் ஊழியரிடம் சொல்லிக் கடைசிப் பஸ்ஸில் ஏறுங்கள். கையடக்கச் சார்ஜ் விசிறி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கைப்பையில்தான் வைக்க வேண்டும். பைக்குள் விரிக்க ஈரத் துண்டு. மேலே போர்த்தக் கூடாது, போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும், அதன்மேல் படுக்கட்டும். பை முன் சீட்டின் அடியில், வலைப் பக்கம் உங்கள் காலைப் பார்த்தபடி இருக்கட்டும். போர்வை, கைப்பை எதையும் வலைமேல் சாய்க்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன். யார் சொன்னாலும் பையை மேலே இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன யுனைடெட் விமானத்தில், பை நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பணிப்பெண் மேலே வைக்கச் சொன்னார். நாயின் சொந்தக்காரர் தயங்கியும் கடைசியில் வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது பத்து மாத ஃபிரெஞ்சு புல்டாக், பெயர் கோக்கிட்டோ. கொஞ்ச நேரம் குரைத்தது, பிறகு சத்தம் நின்றது. இறங்கும்போது உயிர் இல்லை. உள்ளே நாய் இருப்பது தனக்குத் தெரியாது என்று பணிப்பெண் பிறகு சொன்னதாக நிறுவனம் சொன்னது. பை சீட்டுக்கு அடியில் முழுதாகப் போகும் அளவில் இருந்தால் இந்தப் பேச்சே எழாது. அப்படியும் யாராவது சொன்னால், சத்தமாக, சுற்றி இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, “உள்ளே நாய் இருக்கிறது” என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். நீங்கள் டீச்சர், குரல் இருக்கும்.

இறங்கத் தொடங்கும்போது காது அடைக்கும், அதற்கும்தான். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். பட்டாணி அளவு கேரட் துண்டு ஒன்றிரண்டு, வலை வழியாக. அவ்வளவுதான்.

வழியில் எப்போதாவது நாக்கு அகலமாகி நுனி கரண்டி போல மடிந்தால், எச்சில் கயிறாகத் தொங்கினால், ஈறு செங்கல் சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால், பையைத் திறந்து தலையை வெளியே எடுங்கள், விதி கிதி எல்லாம் அப்புறம். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறியை வையுங்கள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லுங்கள். வாய்க்குள் தண்ணீரை ஊற்றாதீர்கள். டெல்லியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரின் எண் முன்கூட்டியே போனில் இருக்கட்டும். மாப்பிள்ளை காரோடு வருவதாக இருந்தால், ஏசியைப் பத்து நிமிடம் முன்னாலேயே போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ரயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபே (கதவு உள்ள தனி அறை) முழுவதும் உங்கள் பெயரில் கிடைத்தால் புஜ்ஜியை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். எடை வரம்புத் தலைவலி இல்லை. விஜயவாடாவிலும் நாக்பூரிலும் இறக்கிக் கொஞ்சம் நடக்கவும் விடலாம். 33 மணி நேரம், ஆனால் ஏசியில் 33 மணி நேரம். சிக்கல் என்னவென்றால், கூபே உங்களுக்குத்தானா என்பது சார்ட் தயாராகும்போதுதான் உறுதியாகும். கிடைக்காவிட்டால், கடைசிப் பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில் போட்டு அனுப்பலாம் என்பார்கள். மே மாத நாக்பூர் வெயிலில் அந்த இரும்புக் கூண்டு கார்கோவைவிட மோசம். கூபே இல்லை என்றால் புஜ்ஜியோடு ஏறாதீர்கள்.

ஏப்ரல் 25-க்குள் புஜ்ஜி 8.5 கிலோவுக்குக் கீழே வந்திருக்க வேண்டும், மூன்று நிமிட நடையில் மூச்சு அடங்க வேண்டும். இரண்டும் சரி என்றால் டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். இல்லை என்றால், தெரிந்தவர் வீட்டில், ஏசி உள்ள அறையில், புஜ்ஜியை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள். மூன்று மாதம் உங்களைக் காணாமல் ஏங்கும், ஆனால் இருக்கும். அந்தத் தெரிந்தவர் அவில் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, மாத்திரை டப்பாவை மட்டும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். பிஸ்கட்டை நிறுத்திய முதல் வாரம் புஜ்ஜி உங்கள் கணவரைத்தான் அதிகம் முறைக்கும். அவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.